மோடம் போன பின்னும் மணி அடிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையம் பரவுவதற்கு முன் கணினிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதைச் சொல்லும் கட்டுரையைச் சென்ற ஞாயிறன்று தங்கள் இணைப்பிதழில் படித்தேன். புல்லட்டின் போர்டு எனப்படும் பிபிஎஸ்ஸுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சி தந்தது. ஆனால் கட்டுரையாளர் முடிவாகச் சொன்ன இரண்டு கருத்துகளை என்னால் ஏற்க இயலவில்லை. தொலைபேசி மோடம் வழக்கொழிந்ததோடு பிபிஎஸ் மென்பொருள்களும் பயனற்றுப் போய்விட்டன என்கிறார். அவற்றைக் காண விரும்பும் இன்றைய இளைஞர்கள், வலைப்பக்கமாக மாற்றி எழுதப்பட்ட நகல்களைப் பார்த்துத்தான் திருப்தி அடைய வேண்டும் என்கிறார். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய, 486 என்ற பழைய சில்லு கொண்ட ஒரு கணினியில், 1990களில் எழுதப்பட்ட ரிமோட் ஆக்சஸ் என்னும் பிபிஎஸ் மென்பொருளைச் சிறிதும் திருத்தாமல், நான்கு ஆண்டுகளாக இணையத்தின் வழியாக இயக்கி வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக ஒரு சொல். ஒருவர் தம் வீட்டுக் கணினியை, அதன் எழுத்துகளை ஒலியாக மாற்றித் தரும் மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்துவிட்டு, யாராவது அழைக்கட்டும் என்று விட்டுவைப்பார். அழைப்பவர் தம் கணினியிலிருந்து அந்த எண்ணைச் சுழற்றி உள்ளே வந்து, மற்றவர்கள் எழுதி வைத்த செய்திகளைப் படிப்பார், பதில் எழுதுவார், கோப்புகளை எடுப்பார், பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்வார். ஒரே தொலைபேசி இணைப்பு உள்ள பிபிஎஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். நம் நாட்டிலும் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிடும் முன்பே, பெங்களூரில் அதுல் சிட்னிஸ் நடத்திய சிஐஎக்ஸ் போன்றவை இந்த முறையில்தான் இயங்கின.

கட்டுரையாளரின் தவறு எங்கே தொடங்குகிறது என்றால், பிபிஎஸ் மென்பொருளுக்குத் தொலைபேசியைத் தெரியும் என்று அவர் நினைப்பதில்தான். அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கணினியின் பின்புறம் உள்ள, எழுத்துகளை வரிசையாக அனுப்பிப் பெறும் துளையான சீரியல் போர்ட் ஒன்றுதான். அந்தப் போர்ட்டில் ‘ரிங்’ என்ற நான்கு எழுத்து ஆங்கிலச் சொல் வந்தால், யாரோ அழைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். ‘ஏடிஏ’ என்று மூன்று எழுத்தை அனுப்பும். அது தொலைபேசியை எடு என்று மோடத்துக்கு இடும் கட்டளை. ‘கனெக்ட்’ என்ற சொல்லும் அதன் பின்னால் வேகத்தைக் குறிக்கும் ஓர் எண்ணும் வந்துவிட்டால், எதிரே ஆள் இருக்கிறார் என்று நம்பி வரவேற்புத் திரையை அனுப்பத் தொடங்கும். இந்தக் கட்டளை மொழி 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடத்தோடு வந்தது. பின்னர் உலகெங்கும் ஏறத்தாழ எல்லா மோடங்களும் அதையே பேசின. ஆகவே அந்தச் சொற்களை உரிய வேளையில் உரிய வரிசையில் யார் சொன்னாலும் மென்பொருள் நம்பிவிடும். சொல்வது மோடமா, முந்நூறு ரூபாய்ச் சில்லா என்று பார்க்க அதற்கு வழியில்லை. பழைய பிபிஎஸ்ஸைப் புதிய வலையில் ஓட்டுவது என்பது முழுக்க முழுக்க இந்த நாடகத்தைப் பிசகின்றி நடத்துவதுதான்.

நானும் முதலில் நேர்வழியில்தான் முயன்றேன். வீட்டுக்கு வந்த ஃபைபர் பெட்டியின் பின்னால் தொலைபேசிக்கென்று ஒரு துளை இருக்கிறதே, பழைய மோடத்தை அதில் செருகினால் போதாதா என்று எண்ணினேன். அது தொலைபேசி போல் தோற்றமளிக்கிறதே தவிர, உள்ளே குரல் 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு இணையப் பொட்டலங்களாகச் செல்கிறது. ஒரு துண்டு தாமதமானாலோ தொலைந்தாலோ மனிதக் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது. அலைவரிசையைச் சிக்கனப்படுத்தும் ஜி.729 போன்ற முறையில் குரல் சுருக்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் அந்தச் சுருக்கம் மனிதக் குரலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. மோடத்தின் கீச்சொலி அதில் உருக்குலைந்துவிடும். 2400 பிட் வேகத்தில் நிறுத்தி வைத்தபோது சில நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. 14,400க்கு உயர்த்தியதும் கைகுலுக்கும் ஒலியைக்கூட முடிக்காமல் இணைப்பு அறுந்தது. தொலைபேசியை மீட்டெடுப்பதில் பொருளில்லை என்று அன்றே புரிந்துகொண்டேன்.

மாற்று வழி எளிது. டிசிபிசெர் என்ற சிறு நிரல் ஒன்று இருக்கிறது. அதை உள்ளங்கையளவுக் கணினியான ராஸ்பெர்ரி பை ஒன்றில் ஏற்றி, அந்தப் பையை யூஎஸ்பி சீரியல் கேபிள் மூலம் 486இன் சீரியல் போர்ட்டோடு இணைத்தேன். இணையத்திலிருந்து யாராவது, தொலைவிலுள்ள கணினியோடு எழுத்து வழியாகப் பேச உதவும் டெல்நெட் நெறிமுறை மூலம் உள்ளே வந்தால், அந்த நிரல் 486இடம் ‘ரிங்’ என்கிறது. 486 ‘ஏடிஏ’ என்றதும் ‘கனெக்ட்’ சொல்லிவிட்டு இரு பக்கத்து எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கடத்துகிறது. கமடோர் 64 போன்ற சிறு கணினிகளை வைத்திருப்பவர்கள் இதே வேலையை இஎஸ்பி8266 என்ற வைஃபை சில்லைக் கொண்டு முடிக்கிறார்கள். எண்ணைச் சுழற்றும் ஏடிடிடி கட்டளைக்குப் பின்னால் தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக இணைய முகவரியைத் தட்டச்சு செய்தால் அது போய்ச் சேரும். அந்தச் சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது. சீரியல் போர்ட்டின் மின்னழுத்தம் பன்னிரண்டு வோல்ட் வரை ஏறி இறங்கக்கூடியது. ஆகையால் இடையில் மேக்ஸ்3232 போன்ற மாற்றிச் சில்லு வைக்காமல் நேரடியாக இணைத்தால் புகைதான் வரும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது ஒரு கேபிள். கடையில் கிடைத்த கேபிளில் மூன்றே கம்பிகள் இருந்தன: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, பூமி ஒன்று. எழுத்துகள் போயின, வந்தன. திரை அழகாக விரிந்தது. என் பழைய மாணவர் ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து உள்ளே வந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து என் தம்பி மகன் சென்னையிலிருந்து இணைந்தான். இணைந்தவனுக்குப் பெயரும் கேட்கப்படவில்லை, கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை. நேரே அந்த மாணவரின் கணக்குக்குள், அவர் பாதி எழுதி விட்டிருந்த வாக்கியத்தின் நடுவில் போய் நின்றான். “பெரியப்பா, யாரோ எழுதின லெட்டர் திறந்து கிடக்குது, நான் முடிச்சு வைக்கட்டுமா?” என்று தொலைபேசியில் கேட்டான்.

காரணம் இதுதான். உண்மையான மோடம், எதிர்முனையில் ஆள் இருக்கும்வரை சீரியல் போர்ட்டின் ஒரு முள்ளில் மின்னழுத்தத்தை உயர்த்தி வைத்திருக்கும். கேரியர் டிடெக்ட் என்று அதற்குப் பெயர். இணைப்பு அறுந்த கணமே அது கீழே விழும். மென்பொருள் அந்த முள்ளைத்தான் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. விழுந்ததும் கணக்கை மூடி அடுத்த அழைப்புக்குத் தயாராகிறது. எதிர்த்திசையிலும் ஒரு முள் உண்டு. மென்பொருள் ஆளை வெளியேற்ற நினைத்தால் டிடிஆர் முள்ளைத் தாழ்த்தும். மோடம் தொலைபேசியை வைத்துவிடும். மூன்று கம்பிக் கேபிளில் இவை இரண்டுமே இல்லை. போதாக்குறைக்கு, மென்பொருள் குழம்பாமல் இருக்கட்டும் என்று கேரியர் முள்ளை எப்போதும் உயர்ந்தே இருக்குமாறு நானே கட்டி வைத்திருந்தேன். ஒன்பது முள்ளுக்கும் கம்பி உள்ள கேபிளை வாங்கி, பையின் பக்கத்து டிடிஆரை 486இன் கேரியர் முள்ளோடும், 486இன் டிடிஆரைப் பையின் பக்கத்துக்கும் குறுக்காக இணைத்துப் பற்றவைத்த பிறகுதான் இந்த வீட்டுக்குக் கதவு என்று ஒன்று அமைந்தது. டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து பிபிஎஸ்கள் பலவும் சீரியல் போர்ட்டை நேரடியாகத் தொடாமல் ஃபாஸில் என்ற இடைநிலை இயக்கி மூலம் அணுகும். ஃபாஸிலின் மூன்றாம் பணி கேரியரைச் சொல்வது, ஆறாம் பணி டிடிஆரை ஏற்றி இறக்குவது. எழுத்துகளை அனுப்புவதற்கு இணையான இடம் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கும் அன்றே தரப்பட்டிருந்தது.

அடுத்த தொல்லை டெல்நெட்டுக்கே உரியது. 1983இல் வகுக்கப்பட்ட அந்த நெறிமுறையில் 255 என்ற மதிப்புள்ள பைட், வரும் அடுத்த பைட் எழுத்தல்ல, கட்டளை என்று அறிவிக்கும் குறி. வெறும் ஆங்கில எழுத்துகளை அனுப்பும்வரை 255 வராது, பிரச்சினை தெரியாது. கோப்பை அனுப்பினால் தெரியும். ஜிப் போன்று சுருக்கப்பட்ட கோப்பில் எல்லா மதிப்புகளும் ஏறத்தாழ ஒரே அளவில் கலந்திருக்கும் என்பதால், சராசரியாக 256 பைட்டுக்கு ஒருமுறை 255 வந்தே தீரும். கோப்பைத் துண்டாக்கி அனுப்பும்போது, 1024 பைட் கொண்ட ஒரு கட்டத்தில் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் நடுவில் உள்ள நிரல் அதைக் கட்டளையாக எண்ணி விழுங்கிவிட்டால், ஏறக்குறைய எல்லாக் கட்டங்களும் சரிபார்ப்பில் தோற்கும். ஒரு முனை 255ஐ இரட்டித்து அனுப்ப வேண்டும், மறுமுனை இரண்டை ஒன்றாக்க வேண்டும். ஒரு முனை டெல்நெட் என்றும் மறுமுனை பைட்டுகளை அப்படியே கடத்தும் வெறும் டிசிபி என்றும் அமைத்துவிட்டால் செய்திகளெல்லாம் சரியாக வரும், கோப்பு மட்டும் ஒருநாளும் வராது. கோப்பு பழுதென்றும் வட்டு பழுதென்றும் எண்ணி நான் வீணாக்கிய இரவுகளைக் கணக்கிடாமல் விடுகிறேன்.

எண்டர் விசையிலும் இதே குடும்பத்துக் குறும்பு ஒன்று உண்டு. டெல்நெட் நெறிமுறை எண்டரைத் தனியாக அனுப்பாது; அதன் பின்னால் சுழியோ அடுத்த வரிக்குறியோ ஒட்டிக்கொண்டு வரும். தொலைபேசிக் காலத்து மென்பொருள் அதை இரண்டு விசைகளாகவே எண்ணும். பெயரைத் தட்டி எண்டர் அழுத்தினால், கடவுச்சொல் கேட்டு முடிக்கும் முன்பே ‘தவறான கடவுச்சொல்’ என்று அதட்டும். இரு முனைகளும், எண்டரோடு எதையும் ஒட்டாத பைனரி முறைக்கு ஒப்புக்கொண்டால் இது அடங்கிவிடும். அந்த ஒப்பந்தத்துக்கான விதியும் 1983லேயே எழுதப்பட்டதுதான். பல நிரல்கள் அதைக் கேட்பதே இல்லை.

வேகத்தைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியது பாதி உண்மை. இன்றைய இணைப்பில் எல்லாம் நொடியில் முடிந்துவிடும் என்றார். வார்டு கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய எக்ஸ்மோடம் முறை 128 பைட்டை அனுப்பிவிட்டு, சரியாக வந்தது என்ற ஒற்றை எழுத்துப் பதிலுக்காகக் காத்து நிற்கும். பதில் வந்த பிறகுதான் அடுத்த 128. உள்ளூர்த் தொலைபேசியில் அந்தப் பதில் உடனே வந்தது. திருச்சியிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 0.3 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 360 கிலோபைட் கோப்புக்கு 2,880 கட்டங்கள், அதாவது பதினான்கு நிமிடத்துக்கு மேல். என் வீட்டு இணைப்பு 100 மெகாபிட் என்பதால் இதில் ஒரு வினாடிகூடக் குறையாது. சக் ஃபோர்ஸ்பெர்க் 1986இல் எழுதிய இசட்மோடம் பதிலுக்கு நிற்காமல் அனுப்பிக்கொண்டே போகும். டெலிநெட் என்ற பொட்டல வலை நிறுவனம் தன் வலையின் தாமதத்தைச் சமாளிக்க எழுதச் சொன்ன முறை அது. ஆகையால்தான் இன்றைய வலையிலும் அது பிறந்த வீட்டில் இருப்பது போல் நடந்துகொள்கிறது.

வேறொரு தொல்லையைத் தொலைபேசிக் காலம் கண்டதில்லை. டெல்நெட்டுக்கு உரிய 23ஆம் போர்ட்டை (இது சீரியல் துளை அன்று, இணைய முகவரியில் கதவெண் போன்றது) திறந்து வைத்த முதல் நாளே என் 486 ஓயாமல் மணியடித்தது. ஊரெல்லாம் நம்மைத் தேடி வருகிறதே என்று ஒரு மணி நேரம் பெருமைப்பட்டேன். வந்தவர்கள் ஒருவரும் மனிதர்கள் அல்லர். 2016இல் மிராய் என்ற தீநிரல் பாதுகாப்பற்ற கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது இந்தப் போர்ட்டின் வழியாகத்தான். அதன் வாரிசுகள் இன்றும் உலகின் ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவை ‘ரூட்’, ‘அட்மின்’ என்று பெயர் சொல்லி நுழையப் பார்க்கும். டாஸ் மென்பொருளை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒரே இணைப்புள்ள பிபிஎஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு உண்மையான விருந்தாளிக்கு இடமில்லாமல் செய்துவிடும். போர்ட் எண்ணை மாற்றினேன். அத்துடன், எஸ்கேப் விசையை இருமுறை அழுத்தினால் மட்டுமே 486க்கு மணி அடிக்குமாறு பையில் ஒரு சிறு நிரல் எழுதி வைத்தேன்.

இந்த எஸ்கேப் யோசனை என்னுடையது அன்று. டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கிய ஃபைடோநெட் வலையில், நள்ளிரவில் பிபிஎஸ்கள் தாமாகவே ஒன்றையொன்று அழைத்து அஞ்சலைப் பரிமாறிக்கொள்ளும். அழைப்பது இன்னொரு கணினியா மனிதரா என்று பிரித்தறிய, மனிதராக இருந்தால் எஸ்கேப் அழுத்துங்கள் என்று ஒரு வரி திரையில் வரும். அன்றைக்கு இயந்திரத்தை வரவேற்று மனிதரை அடுத்த அறைக்கு அனுப்பப் பயன்பட்ட அதே வரி இன்றைக்கு இயந்திரத்தைத் திண்ணையிலேயே நிறுத்தப் பயன்படுகிறது. உச்சத்தில் முப்பதாயிரம் கணினிகளுக்கு மேல் கொண்டிருந்த ஃபைடோநெட் இன்னும் மூடப்படவில்லை என்பதையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். பிங்க்பி என்ற நெறிமுறையில், 24554ஆம் போர்ட்டில், அந்த அஞ்சல் இப்போது இணையத்தின் வழியாகவே போகிறது.

நம் நாட்டில் இதை முயல்வோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. வீட்டு இணைப்புகள் பலவற்றில் நமக்கென்று தனி முகவரி கிடையாது. ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை நிறுவனம் அடைத்து வைத்திருக்கும். நாம் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. எனக்கு இணைப்புத் தந்த நிறுவனத்தாரிடம் இதைக் கேட்டபோது, “யூடியூப் வருதா சார்? அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். மாத வாடகைக்கு ஒரு சிறு சர்வர் எடுத்து, வீட்டிலுள்ள பையிலிருந்து அதற்கு எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்க இணைப்பால் சுரங்கம் ஒன்று அமைத்து, அழைப்பவர்களை அந்தச் சர்வரின் முகவரிக்கு வரச் சொல்லித்தான் இதைக் கடந்தேன். டெல்நெட்டில் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்கிறது என்பதால், வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ வைத்திருக்கும் சொல்லை இங்கே வைக்காதீர்கள் என்று வரவேற்புத் திரையில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

பழைய கணினியே இல்லாதவர்கள் என்ன செய்வது? இன்றைய கணினியை டாஸ் கணினி போல் நடிக்க வைக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் போதும். அதன் அமைப்புக் கோப்பில் முதல் சீரியல் போர்ட்டை மோடம் என்று குறித்து, எந்தப் போர்ட்டில் காத்திருக்க வேண்டும் என்று ஓர் எண்ணைத் தந்துவிட்டால், இதுவரை நான் சொன்ன பொய்களையெல்லாம் அதுவே சொல்லும். 32 பிட் விண்டோஸில் நெட்ஃபாஸ் என்ற ஃபாஸில் இயக்கி கொண்டு நேரடியாகவே ஓட்டியவர்களும் உண்டு. ஆனால் 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரல்கள் ஓடா, விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே இல்லை. எந்த வழியானாலும் வேகமான இயந்திரம் ஒரு கண்ணி வைத்திருக்கிறது. 486க்கு முன் நான் 450 மெகாஹெர்ட்ஸ் கணினி ஒன்றில் முயன்றேன். பிபிஎஸ்ஸோடு வந்த விளையாட்டு ஒன்று தொடங்கியதுமே ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லிச் செத்தது. டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட அக்கால நிரல்கள் பல, தொடங்கும்போது 55 மில்லிவினாடிக்குள் ஒரு வெற்றுச் சுழற்சியை எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து, கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும். வகுத்து வரும் விடை 65,535ஐத் தாண்டினால் அதை வைக்க 16 பிட்டில் இடமில்லை. சில்லு அதைச் சுழியால் வகுத்த பிழையாகவே அறிவித்துவிடும். எழுதியவர் சோம்பேறி அல்லர். தம் நிரல் இத்தனை வேகமான கணினியைப் பார்க்கும் நாள்வரை வாழும் என்று அவர் நினைக்கவில்லை, அவ்வளவுதான். இதற்கான ஒட்டுத் திருத்தங்கள் கிடைக்கின்றன. நான் வேகத்தைக் குறைப்பதையே விரும்பினேன். காயலான் கடைக்குப் போனது அதனால்தான்.

திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோடுகளும் பெட்டிகளும் நிழல் தட்டிய கட்டங்களுமாக வரையப்பட்ட அந்தத் திரைகள் கோட் பேஜ் 437 என்ற 256 குறிகள் கொண்ட எழுத்துத்தொகுதியை நம்பியவை. இன்றைய முனையங்கள் யுடிஎஃப்-8 பேசுகின்றன. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி முறையில் தட்டச்சு செய்த பழைய தமிழ்க் கோப்பை யூனிகோடில் திறந்து பார்த்து விழித்தவர்களுக்கு, அந்தப் படங்கள் எப்படிச் சிதறும் என்று விளக்க வேண்டியதில்லை. சிங்க்டெர்ம் போன்ற, 437ஐ அறிந்த முனைய நிரலைக் கொண்டு அழைத்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். அதிலேயே வேகத்தை 2400க்குக் குறைத்தும் பார்க்கலாம். வினாடிக்கு 240 எழுத்துகள் வீதம் 80க்கு 24 திரை ஒன்று நிரம்ப எட்டு வினாடி ஆகும். வரைந்தவர்கள் அந்த எட்டு வினாடியை மனத்தில் வைத்தே வரைந்தார்கள்: இடது மூலையில் தொடங்கிக் கோபுரம் போல் எழும்பி, கடைசியில் பெயர் பலகை விழும். முழு வேகத்தில் பார்த்தால் அது கண்ணிமைப்பில் வந்து நிற்கும் ஒரு படம், அவ்வளவே.

வலைப்பக்கமாக மாற்றி எழுதிய நகல்களைப் பற்றிய கட்டுரையாளரின் பரிந்துரைக்கு இதுவே என் பதிலும். நகல் எழுதுவோரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. சின்க்ரோநெட், டபிள்யூடபிள்யூஐவி போன்றவை மூலநிரலோடு வெளியிடப்பட்டு, இன்றைய இயங்குதளங்களில் டெல்நெட்டும் எஸ்எஸ்எச்சும் கொண்டு ஓடுகின்றன. அவை வளர்ந்துவரும் மென்பொருள்கள், அவற்றோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மூலநிரல் வெளிவராத, எழுதிய நிறுவனம் மூடிப்போன மென்பொருளின் திரையை மட்டும் பார்த்து வலைப்பக்கமாக வரைந்துவிட்டு, இதுதான் அது என்று காட்டுவது படத்துக்கு மாலை போடுவதற்குச் சமம். ஒருவருக்கு ஒருநாளைக்கு இத்தனை நிமிடம்தான் என்று பிபிஎஸ் ஏன் கெடு வைத்தது? வெளியில் இன்னொருவர் ‘பிஸி’ ஒலியைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தார். செய்திகளைக் கட்டாகக் கட்டி எடுத்துச் சென்று வீட்டில் படித்து, பதில்களைக் கட்டாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் ஏன் வந்தது? நிமிடத்துக்கு நிமிடம் தொலைபேசிக் கட்டணம் ஏறியது. வலைப்பக்க நகலில் இவை பழையவர்களின் விசித்திரப் பழக்கங்களாகத் தெரியும். உண்மையான மென்பொருளை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் அழைத்துப் பார்த்தால் ஐந்தே நிமிடத்தில் புரிந்துவிடும். என் தம்பி மகனுக்கு அப்படித்தான் புரிந்தது.

ஆகவே, இதில் இறங்க நினைக்கும் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, மென்பொருளில் கை வைக்க வேண்டாம், அதைச் சுற்றியுள்ளதை அது நம்பும்படி அமையுங்கள் என்பதே. வீட்டுப் பரணில் பழைய ஃபிளாப்பிகள் இருந்தால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் பிம்பமாகப் படியெடுத்துவிட வேண்டும். என்னிடம் இருந்த பதினொரு வட்டுகளில் மூன்று, முதன்முறை சுழன்றபோது படித்துவிட்டு இரண்டாம் முறை படிக்க மறுத்தன.

இறுதியாக ஒரு திருத்தம். முதல் பிபிஎஸ் 1980இல் தொடங்கியதாகக் கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. சிகாகோவில் 1978 ஜனவரியில் பெய்த கடும் பனியில் வீட்டில் அடைபட்டிருந்தபோது வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் அதைத் திட்டமிட்டார்கள். கிறிஸ்டென்சன் மென்பொருளை எழுத, சூஸ் வன்பொருளைக் கட்டினார். மணி அடித்ததும் கணினி தானே புதிதாகத் தொடங்கி நிரலை ஏற்றிக்கொள்ளும் வகையில் அதை அமைத்திருந்தார். சிபிபிஎஸ் என்ற பெயரில் அது பொதுவில் வந்த நாள் 1978 பிப்ரவரி 16. சூஸ் 2019 டிசம்பரிலும் கிறிஸ்டென்சன் 2024 அக்டோபரிலும் காலமானார்கள். அடுத்த ஞாயிறு இதழில் ஆண்டைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், கட்டுரையில் விடுபட்டுப்போன அந்த இருவரின் பெயர்களையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் விரிவுரையாளர்,
திருச்சிராப்பள்ளி.